அக்காவின் பேனா நின்ற இடம்

முதலில் ஒரு திருத்தம். அக்கா மறைந்த அன்று அவசரமாக அச்சடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியை’ என்று இருந்தது. அக்கா தலைமையாசிரியை ஆகவில்லை. கணித ஆசிரியையாகச் சேர்ந்து கணித ஆசிரியையாகவே ஓய்வு பெற்றார். தமக்கு உரிமையில்லாத பதவியோடு வழியனுப்பப்படுவதை அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். முதலாமாண்டு நினைவாக வரும் இந்த மலரைப் பெறுகிறவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தார். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட்டபோது அக்கா கல்லூரியில் இருந்தார், தம்பியான நான் பள்ளியில் இருந்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அவர் தம் படிப்பையும் முடித்தார், என்னையும் படிக்க வைத்தார். முதல் பணியிடம் காரைக்கால். வாரக் கடைசியில் பேருந்தில் வந்து, துணி துவைத்து, எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். அவருக்குத் திருமணப் பேச்சு வந்ததும் நின்றதும் அந்த ஆண்டுகளில்தான். ஏன் நின்றது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாற்றலாகிப் புதுச்சேரிக்கு வந்த பிறகு ரெட்டியார்பாளையத்தில் எங்களோடுதான் இருந்தார். பொதுத்தேர்வு நெருங்கினால் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே மாறிவிடும். தேர்வுத் துறை அவரை ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு பொறுப்பில் நியமிக்கும். வீட்டில் யாருக்கும் அந்தப் பொறுப்புகளின் வேறுபாடு புரிந்ததில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன். அறைக் கண்காணிப்பாளர் தேர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். துறை அலுவலர் தேர்வு மையம் முழுவதும் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர். வினாத்தாள் கட்டுக்காப்பாளர், முத்திரையிட்ட கட்டுகள் உரிய நேரம்வரை பிரிக்கப்படாமல் காப்பவர். இவை எல்லாவற்றையும் அக்கா பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அந்த ஆண்டு தேர்வு எழுதினால் தாமே கடிதம் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விலகிவிடுவார்.

அக்கா கட்டுக்காப்பாளராக இருந்த ஓர் ஆண்டில் பெரியப்பா மகன் தன் பிள்ளைக்காக வந்து உட்கார்ந்தார்.

“கட்டு ஒங்கிட்டதான இருக்கு. ஒரு ஓரமாப் பிரிச்சுப் பாக்கக் கூடாதா?”

“பிரிச்சா என் வேலையும் போவும். அப்பவும் ஒம் புள்ள படிக்கப் போறதில்ல. யாருக்கு லாபம்?” என்றார் அக்கா, காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தபடி.

அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். கல்நெஞ்சுக்காரி என்று அன்று வைத்த பெயர் உறவுக்குள் நிலைத்தது. நானும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெயருக்குச் சான்றாக வீட்டில் இன்னொன்றும் இருந்தது. என் மகள் சிறுமியாக இருந்தபோது பாடம் ஒப்பிக்க அத்தையிடம் போவாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை தலையைக்கூட அசைக்க மாட்டார். “அத்த கேக்கவே மாட்டேங்குறாங்கப்பா” என்று அவள் அழுதிருக்கிறாள். பள்ளி முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து அலுத்துப் போயிருப்பார் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

காரணம் வேறு. சென்ற ஆண்டு, நோய் முற்றி மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு மாலை அக்கா அதைச் சொன்னார்.

அவர் வகித்த பொறுப்புகளில் நான் மேலே விட்டுவிட்டது ஒன்று உண்டு: சொல்வதை எழுதுபவர். பார்வையற்ற தேர்வர்களுக்குத் தேர்வுத் துறை ஓர் ஆசிரியரை நியமிக்கும். அந்தப் பாடம் நடத்தாதவராக அவர் இருக்க வேண்டும். தேர்வர் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும். தவறாகச் சொன்னால் தவறாகவே எழுத வேண்டும். சரி, தப்பு என்று குறிப்புக் காட்டக் கூடாது. அங்கே கேட்ட விடையை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

ஓர் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தேர்வில் செல்வம் என்ற மாணவருக்கு எழுத அக்கா நியமிக்கப்பட்டார். காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. விலைக்கும் தேவைக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டுடன் விளக்க வேண்டும் என்பது வினா. செல்வம், பாடப்புத்தகத்தில் இல்லாத, தம் தாயின் வியாபாரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த அக்காவின் பேனா நடுவில் நின்றது.

“அவ்ளோ அழகாச் சொன்னாண்டா. கேட்டுக்கிட்டே உக்காந்துட்டேன். எழுத வந்தவங்கறதே மறந்துடுச்சு” என்றார் என்னிடம்.

கண் தெரியாத பிள்ளைக்குக் காதுதான் எல்லாம். பேனா நின்றதைக் கேட்டார். தப்பா டீச்சர் என்று கேட்டார். நீ சொல்வதை எழுதத்தான் நான் இருக்கிறேன் என்றார் அக்கா. விதிப்படி அவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பிள்ளைக்கு அது, தப்பு என்று சொன்னதுபோலவே கேட்டது. அதை அடித்துவிடச் சொல்லி வேறொரு விடை சொன்னார். அது முற்றிலும் தவறு. அக்கா சரியான விடையைத் தம் கையால் அடித்து, தவறானதை எழுதினார். அதன் பிறகு செல்வத்துக்குக் குரலே எழவில்லையாம். தெரிந்த வினாக்களையும் விட்டுவிட்டார்.

தேர்வு முடிவு வந்த அன்று அக்கா செல்வத்தின் பதிவெண்ணைப் பார்த்தார். அந்தப் பாடத்தில் தேறவில்லை. அந்த ஆண்டு கல்லூரியில் சேரும் வாய்ப்பு போயிற்று.

இதை அவர் யாரிடம் சொல்வார்? மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் விடையைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் இன்னொரு விதி முறியும். விதியை மீறாமலே ஒரு பிள்ளையின் வருடத்தைக் கெடுத்தவர், விதியை மீறாமலே அதைச் சுமந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் சொல்வதை எழுத வரும் புதிய ஆசிரியர்களிடம் பேனாவை நிறுத்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். வீட்டில் என் மகள் ஒப்பித்தபோது முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

“அவன ஒருதரம் பாக்கணும்” என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இந்த உடம்போடு எதற்குப் பழையதைக் கிளறுவது என்றேன். அக்கா வற்புறுத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். செல்வம் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். நான் தொலைபேசியில் பேசிய அந்த வாரமே பேருந்தில் வந்து இறங்கினார்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். நலம் விசாரிப்பதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

“அந்தப் பொருளியல் பரீட்சைல எம் பேனா நின்னுச்சு. அது நீ தப்பாச் சொன்னதால இல்ல.”

“தெரியும் டீச்சர். அம்மாகிட்ட வந்து அந்த விடையச் சொன்னதுமே, சரியாத்தான் சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

செல்வம் கைக்கோலைத் தொடையிடையில் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

“எப்பிடிச் சொல்றது டீச்சர்? மொதக் கேள்வியிலேருந்து நான் ஒங்க பேனாவத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். வேகமாப் போனா சரி, மெதுவாப் போனா தப்புன்னு. அது காப்பி அடிக்கிற மாதிரிதான? சொன்னா ஒங்களயும் சேத்துக் கேப்பாங்கன்னு பயம்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “திருட்டுப் பயலே” என்றார். மிகுந்த அன்போடுதான் சொன்னார். ஆனால் அடுத்த நொடியே முகம் மாறிவிட்டது. “ஒரு வருஷம் போச்சேடா ஒனக்கு” என்றார். அதற்குச் செல்வம், போனது போனதுதான் டீச்சர் என்று உண்மையைச் சொன்னார். இல்லை என்று பொய் சொல்லாததற்காக அவரை நான் மதிக்கிறேன்.

அந்த விடையை மறுபடி சொல்லச் சொன்னார் அக்கா. அவர் விரல்களில் வலுவில்லாததால் என்னை எழுதச் சொன்னார். செல்வம் தேர்வறையில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

“எங்கம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். காலையில் வஞ்சிரத்துக்கு அதிக விலை சொல்வார். வருகிறவர்கள் விலை கேட்டுவிட்டு, சங்கரா வாங்கப் போய்விடுவார்கள். வெயில் ஏறி ஐஸ் உருகும்போது அம்மா விலையைக் குறைப்பார். காலையில் போனவர்களே திரும்பி வருவார்கள். அவர்களுக்கு வஞ்சிரம் மேல் இருந்த ஆசை காலையிலும் இருந்தது. விலைதான் அவர்களைத் தள்ளி நிற்க வைத்தது.”

கடைசி வரிக்கு முன்னால் என் பேனா நின்றுவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

அதன் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. கடைசி நாட்களில் என் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலகத்துக் கதை, கடைத்தெருக் கதை என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையசைப்பார்.

வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பூத்தூவி வழியனுப்பிய பழைய மாணவியருக்கும், கோபத்தை விட்டுவிட்டு வந்து முன்நின்று காரியங்களை நடத்திக்கொடுத்த பெரியப்பா மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு தேர்வரின் விடையை வெளியில் சொல்லக் கூடாது என்பது அக்கா காத்த விதி. ஆகவே இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் செல்வத்துக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். தாராளமாகப் போடலாம் என்றார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

“டீச்சர் பேனாவால அடிச்சாங்களே அந்த விடை, அதப் போடுங்க சார். அதுக்கப்புறம் நான் மாத்திச் சொன்னது வேணாம்.”

அப்படியே செய்திருக்கிறேன். அவருக்கும் நன்றி.