மார்கெத்தா தனியாகச் சுற்றிய ஒன்பது நாள்

பின்லாந்தின் கெமி நகரக் காகித ஆலையின் கேண்டீனில் மார்கெத்தா சூப் அண்டாவைப் பார்த்துக்கொள்வாள். ரைலி பாத்திரம் கழுவும் இயந்திரத்தருகே நிற்பாள். ஐந்து வருடம் ஒரே ஷிப்ட். நான் கல்லாவில் இருந்தேன். இருவரும் பேசிக்கொள்வதையும் பேசாமல் இருப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். எங்கள் ஊரில் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

1985 ஜூலையில் ஆலைக்கு விடுமுறை விட்டதும், இளைஞர்களுக்குச் சலுகை விலையில் கிடைத்த, ஐரோப்பா முழுக்கச் செல்லும் ஒரு மாத ரயில் பாஸ் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். முதுகுப்பையில் காய்ந்த கறுப்பு ரொட்டி, ட்யூபில் அடைத்த மீன்முட்டைப் பசை, இருவருக்கும் பொதுவாக ஒரு கத்தி.

கோபன்ஹேகன், ஹாம்பர்க், பாரிஸ், வெனிஸ் என்று போனார்கள். ஒவ்வொரு ஊரிலும் ரைலி கேட்பாள்: "அடுத்து எங்கடி?"

"உனக்கு எங்க தோணுதோ அங்க."

"எனக்கு எங்கனாலும் சரிதான்."

பிறகு யாராவது ஒருத்தி, மற்றவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஓர் ஊரின் பெயரைச் சொல்வாள். பாரிஸில் அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் நின்றார்கள். தேவாலயங்கள் மட்டும் பதினொன்று பார்த்தார்கள்.

இத்தாலியின் பொலோன்யா ரயில் நிலையத்தில் இருக்கை பதிவு செய்ய வரிசையில் நின்றபோது மழையால் பாதி ரயில்கள் தாமதம். இவர்கள் முறை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த நரைமீசைக்காரர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எந்த ஊருக்கு என்று கேட்டார். மார்கெத்தா ரைலியைப் பார்த்தாள். ரைலி மார்கெத்தாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, ஊர் பேராவது சொல்லுங்க. அதையும் நானே சொல்லணுமா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

இருவரும் பைகளைச் சுவரோரம் இறக்கினார்கள். ரைலிக்குக் காது சிவந்திருந்தது.

"இனிமே ஒரு சர்ச்சுகூடப் பார்க்க மாட்டேன்" என்றாள்.

"சர்ச்சு பார்க்கணும்னு நான் எப்ப சொன்னேன்?"

"வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தியே."

"அண்ணாந்து பார்த்தா ஆசைன்னு அர்த்தமா? கழுத்து வலிடி. பை கனம்."

ரைலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "சரி, உனக்கு என்னதான் வேணும்? மழுப்பாம சொல்லு."

மார்கெத்தா பையைக் காலால் தள்ளிவிட்டாள். "ஒரே எடத்துல இருக்கணும். யுகோஸ்லாவியாவுல ஒரு ஏரி. காலையில குளிக்கணும். இந்தப் பையத் தூக்கக் கூடாது."

"ஏரி நம்மூர்ல இல்லையா?"

"அது ஜில்லுனு இருக்கும். உனக்கு என்ன வேணும்?"

"போர்ச்சுகல். தரை முடியிற எடம் வரைக்கும் போகணும்."

இரண்டும் எதிரெதிர்த் திசை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்காதது அதுதான் முதல் தடவை. ஒன்பது நாள் கழித்து, இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு கோபன்ஹேகன் நிலையத்தில், கடிகாரத்துக்குக் கீழே சந்திப்பதாகப் பேசி முடித்தார்கள். கத்தி ரைலியோடு போனது. ரொட்டியைச் சரிபாதி பிரித்தார்கள்.

மார்கெத்தா யுகோஸ்லாவியாவில் பிளெட் ஏரிக்கரையில், ஸ்லாவ்கா என்ற விதவையின் வீட்டில் அறை எடுத்தாள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. முதல் மூன்று நாள் காலையும் மாலையும் நீந்தினாள். நான்காம் நாள் சலித்துப்போய், ஸ்லாவ்காவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். ஐந்தாம் நாள் காரணமில்லாமல் கொஞ்சம் அழுதாள். ஆறாம் நாள் ஒரு வரைபடம் வாங்கி, மலைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போய், வழி தவறி, ஒரு பால் வண்டியில் ஏறித் திரும்பினாள்.

கோபன்ஹேகனுக்குச் சொன்ன நேரத்தில் வந்துவிட்டாள். ரைலி வரவில்லை. மறுநாள் பதினொன்றரைக்கு வெயிலில் மூக்குத்தோல் உரிந்து வந்து நின்றாள்.

"ஒரு நாள் முழுக்க இங்கயே நின்னேன்" என்றாள் மார்கெத்தா. "எனக்குக் கோவமா இருக்கு."

"தெரியுது."

"தெரிஞ்சா போதாது."

"ஸ்பெயின் எல்லையில, இருன் ஸ்டேஷன்ல ரயில விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்." ரைலி பையிலிருந்து ஒரு டப்பா மத்தி மீன் எடுத்துக் கொடுத்தாள். மார்கெத்தா வாங்கிக்கொண்டாள். ஸ்வீடன் எல்லை தாண்டும் வரை கோபம் ஆறவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ரைலி வேலையை விட்டு, செவிலியர் படிப்புக்கு ஊலு நகரத்துக்குப் போனாள். மார்கெத்தா அண்டாவோடு இருந்துவிட்டாள். ஆனால் மறு ஜூலையில், சலுகை வயது கடந்த பிறகும், முழுக் கட்டணம் கொடுத்துத் தனியாகக் கிளம்பினாள். அதன் பிறகு பெரும்பாலான ஜூலைகளில் அப்படித்தான்.

"தனியா பயமா இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கு. ரெண்டு நாள்ல போயிடும். சாப்பாடுதான் தனியா சாப்பிட நல்லா இல்ல."

இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். போன வருடம் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேசினார்கள். ரைலிக்கு முழங்கால் வலி. துர்க்கு துறைமுகத்திலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலில் போய், இரண்டாம் நாளே திரும்பிவிட்டார்கள். எப்படி இருந்தது என்று மார்கெத்தாவிடம் கேட்டேன். கப்பலில் ரைலியோடு சாப்பிட்ட மீன் நன்றாக இருந்தது என்றாள்.