அருவிக்குக் காய்ச்சல் பார்த்த அக்கா

அப்பாவின் பீரோவைத் துடைக்கையில் பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் கையில் அகப்பட்டது. அவ்வளவுதான், ஐந்தருவியின் இரைச்சல் காதுக்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது!

அக்காவுக்கு அப்போது பதிமூன்று வயது. அத்தனை உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அடிபட்டுக் கொஞ்சமாவது சூடாக வேண்டுமே, மேலேயும் கீழேயும் அளந்து பார்க்கணும் என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். போலீஸ்காரரான அப்பாவுக்கு சீசன் டூட்டி ஐந்தருவியில்தான்.

"ஏட்டி, மேல ஏறுதவன விரட்டுததுதான் என் வேலை. நானே ஏறவா?" என்று அதட்டினார்.

மறுநாள் கூட்டம் சேருமுன் அவரே ஏறினார். கழுத்தில் விசில், சட்டைப்பையில் தெர்மாமீட்டர். இன்ஸ்பெக்டர் வந்துவிடுவாரோ என்று நாங்கள் சாரலில் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

சொட்டச் சொட்ட இறங்கி, கீழேயும் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு இடத்துலயும் பாதரசம் அசையல. ஒன் அருவிக்குக் காய்ச்சலே இல்லட்டி!"

அக்கா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "இது தொண்ணூத்தி நாலுலல்லாப்பா ஆரம்பிக்குது! தண்ணி அதவிடக் குளிரு. வேற தெர்மாமீட்டர் வேணும்!"

அதைத் தேடித்தான் இயற்பியல் படிக்கப் போனாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண்; இன்று தன் ஆய்வுக்கூடத்தின் முதல் பெண் தலைவி. துளி வெப்பத்தையும் அளக்கும் கருவிகள் செய்கிறாள்.

தெர்மாமீட்டரைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏட்டி, சனிக்கிழமை வாரேன். நானே செஞ்ச கருவியக் கொண்டாரேன். மேல ஏறப்போறது யாரு?"

பக்கத்து அறையில் எழுபத்தெட்டு வயது அப்பா விசிலைத் தேட ஆரம்பித்தார்.