சட்டைப் பையில் வந்த பேய்

ஒஸ்லோவில் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த தொழுவமாகப் பாலன் குடில் கட்ட ஆள் வேண்டுமென்றால் ஸ்ரனிஸ்லாஸைத்தான் கேட்பார்கள். மற்றவர்களும் கட்டாமல் இல்லை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாடும் மினுங்குகிற பல்புமாக ஏதோ கட்டுவார்கள். அதெல்லாம் ஒரு குடிலா? ஸ்ரனி கட்டினால் மலை மலையாகவே நிற்கும். அவருக்குத் தளபாடக் கிடங்கில் வேலை. அங்கே வேண்டாமென்று வீசும் மட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வெட்டி, மண்ணிறத் தாளைக் கோதுமை மாப் பசையில் தோய்த்து, கசக்கி, மேலே போர்த்துவார். காய்ந்தபின் தட்டிப் பார்த்தால்தான் அது கல் இல்லை என்று தெரியும். அதிகம் பேசமாட்டார். கேட்டால் ஓம் என்பார், இல்லாவிட்டால் சிரிப்பார். ஒன்றில் மட்டும் அசையமாட்டார். நத்தார்ப் பூசை நேரம் வரும்வரை வைக்கோல் வெறுமையாகத்தான் கிடக்க வேண்டும். அதுவரை பாலன் இயேசு, முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றப்பட்டு அவருடைய சட்டைப் பையில் இருப்பார். குருவானவரே கேட்டாலும் வெளியே எடுக்கமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் வந்துதான் மகள் எமிலியா பேய்வீடு கேட்டாள்.

காரணம் இருந்தது. அந்த ஓகஸ்டில்தான் அவர்கள் ஹவுகெட்டோவை விட்டு எல்லிங்ஸ்ருட்டுக்கு மாறியிருந்தார்கள். புதுக் கட்டடத்துப் பிள்ளைகள் படியில் கண்டால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். விளையாட வா என்று ஒரு பிள்ளைகூட மணி அடித்ததில்லை. ஹலோவீன் வந்தால், பேய் வேஷம் போட்டு இனிப்புக் கேட்டு வரும் பிள்ளைகள் வாசலில் பூசணியோ பேயோ வைத்த வீட்டு மணியைத்தான் அடிக்கும். பழைய வீட்டில் தாய் மரியகொறற்றி அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுச் செபமாலை சொல்லுவாள். இந்த முறை எமிலியா யாரையும் கேளாமல், மேல்மாடி ஜோனாஸிடம் பெரிதாகச் சொல்லிவிட்டாள்.

"எங்கடை கதவடியிலைதான் எல்லாத்தையும்விட ஸ்கும்மெல்டா, பயங்கரமா இருக்கும் எண்டு சொல்லிப்போட்டன் அப்பா. பாக்கிற ஆக்கள் நடுங்கோணும். பயமில்லாட்டி அவன் சிரிப்பான். பிறகு ஒருத்தரும் வரமாட்டினம்."

"அதுக்கென்ன, ஒரு பேய்க்குடில் கட்டுவம்," என்றார் ஸ்ரனி.

அடுப்படியில் நின்ற மரியகொறற்றி அகப்பையோடு வந்துவிட்டாள். "பேய்க்குடிலோ? குடில் எண்ட சொல்லை அதோடை சேர்க்காதேங்கோ. குடில் சாமான் பெட்டியிலை கை வைச்சியளோ, சோறு இல்லை, சொல்லிப்போட்டன்."

அவர் கைவைக்கவில்லை. ஆனால் கை பழகிய வழியில்தானே போகும்? மட்டைப்பெட்டிக்குள் பாறை வந்தது, வைக்கோல் கூரை வந்தது, கூரைக்கு மேலே சின்னதாக ஒரு விளக்கும் வந்தது. வெள்ளைத் துணியில் செய்த பேய் கைகூப்பிக்கொண்டு முழந்தாளில் இருந்தது.

எமிலியா பார்த்தாள். "அப்பா, இது பெத்லகேம்."

"பேயையும் முழந்தாளிலை இருத்திப்போட்டியள்," என்று கொறற்றி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு ஆட்டுக்குட்டியும் வைச்சியளெண்டால் கோயிலுக்கே கொண்டுபோகலாம்."

ஸ்ரனிக்குச் சுட்டுவிட்டது. கூரையைப் பிய்த்தெறிந்தார். சுவர்களை மெழுகுதிரிப் புகையில் பிடித்துக் கரியாக்கினார். காய்ந்த சுள்ளிகளை மொட்டை மரங்களாக நட்டார். கல்லறைச் சிலுவைகளும் செய்து, எல்லாவற்றையும் சரித்து வைத்தார். கொறற்றி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டுப் போனாள். அவர் சரிப்பார், அவள் நிமிர்த்துவாள். நடுவில் மூடி திறந்த பிரேதப்பெட்டி. அதற்குள் கிடத்தக் கம்பியை முறுக்கி, மெழுகை உருக்கி ஊற்றி ஒரு சின்னப் பேய் செய்தார். முகம் உருகி வழிந்து, கண்ணுக்குப் பதிலாக இரண்டு குழி, ஒரு கை மட்டும் மற்றதைவிட நீளம். கொறற்றி அதைக் கண்டதும் நெற்றியில் சிலுவை போட்டாள். எமிலியா தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஹலோவீன் அன்று காலை மட்டைப்பெட்டியைக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்து, உள்ளே சின்ன பற்றரி விளக்கையும் போட்டுவிட்டு ஸ்ரனி வேலைக்குப் போனார். கிடங்குக்கு லொறி பிந்தி வந்ததால் அவரும் பிந்தித்தான் வெளிக்கிட்டார். ரி-பானா ரயில் ட்வெய்ட்டா நிலையத்தில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

"அப்பா, பெட்டிக்குள்ளை பேயைக் காணேல்லை!"

அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. லேஞ்சி. அதற்குள் கம்பி குத்தியது. நேரம் வரமுதல் எதையும் தொழுவத்தில் வைத்துப் பழகாத மனிதர், அன்று காலை வெளிக்கிடும்போதே அதைச் சுற்றிப் பைக்குள் போட்டதை அவரே அறியவில்லை.

"என்ரை பொக்கற்றுக்குள்ளை கிடக்குது, பிள்ளை."

"ஐயோ அப்பா! ஜோனாஸ் ஆக்கள் கீழை வந்திட்டினம்!" தொலைபேசி நின்றுவிட்டது.

ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போனது. மகளை அந்த மட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கவைத்துவிட்டேனே என்று எழும்பி ரயில் கதவடியில் போய் நின்றுகொண்டார். இறங்கியதும் ஓடினார். மேடு, படி, மறுபடியும் படி.

படிக்கட்டு விளக்கு, வீட்டுக் கதவடியில் ஆள் அசைந்தால்தான் எரியும். பிள்ளைகள் பெட்டிக்கு முன்னால் அசையாமல் குந்தியிருந்ததில் அது அணைந்துபோயிருந்தது. பெட்டிக்குள் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

"பிரேதப்பெட்டி வெறுமையாக இருக்கிறதே," என்று ஜோனாஸ் நோர்வேஜிய மொழியில் கேட்டான். "உள்ளே கிடந்தது எங்கே?"

எமிலியா வெறும் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். முடிந்தது என்று ஸ்ரனி நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். அப்போது அவள் மெல்லச் சொன்னாள்: "எழும்பிப் போய்விட்டது. இந்தப் படிக்கட்டில்தான் எங்கேயோ நிற்கிறது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, ஓடிவந்த மனிதர், பாவம், அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

ஜோனாஸ் திரும்பினான். இருட்டில் ஓர் உருவம், ஒரு கை நெஞ்சில், ஆவ் ஆவென்று இளைத்துக்கொண்டு. பிள்ளைகள் வீரிட்டுக் கத்தினார்கள். திறந்திருந்தது ஒரே ஒரு கதவுதான். சப்பாத்துக் கால்களோடு அத்தனை பேரும் எமிலியா வீட்டுக்குள் பாய்ந்து கதவை அடித்துச் சாத்திவிட்டார்கள்.

ஸ்ரனி மணியை அடித்தார். உள்ளே மறுபடியும் கத்தல்.

"நான்தான், கொறற்றி. திற."

"கொஞ்சம் நில்லுங்கோ!" கதவுக்குப் பின்னால் கொறற்றியின் குரல். "பிள்ளையள் இப்பதான் வந்து இருக்குதுகள். தின்னப் பற்றீஸ் குடுக்கிறன். நீங்கள் இப்ப வந்தியளெண்டால் எல்லாரும் ஓடிப்போயிடுவினம்."

அவர் படியில் இருந்தார். லேஞ்சியை அவிழ்த்துப் பேயைப் பார்த்தார், வெறும் பெட்டியைப் பார்த்தார். உள்ளே எமிலியா சிரிப்பது கேட்டது. பேயைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொறற்றி நிமிர்த்தியிருந்த ஒரு சிலுவையை மட்டும் விரலால் சரித்துவிட்டார்.

மார்கழியில் வீட்டுக் குடில் எழும்பியபோது ஜோனாஸ் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் இப்போது மணி அடிப்பதுகூட இல்லை, கதவைத் தள்ளிக்கொண்டே வந்துவிடுவான். மாடு, மரியாள், சூசை எல்லாரையும் பார்த்துவிட்டு நடுவில் கிடந்த வெறும் வைக்கோலில் வந்து நின்றான்.

"இதிலிருந்ததும் எழும்பிப் போய்விட்டதா?"

"இல்லை," என்றாள் எமிலியா. "இதில் இனித்தான் வரும்."

ஸ்ரனி சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். ஜோனாஸ் எதற்கும் ஒருமுறை சோபாவுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டான்.