எங்கள் வீதி ஓட்டப்பந்தயம் பார்க்கப் போனது

மாடி வீட்டுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு அக்கா குடிவரப்போகிறார் என்று அப்பா சொன்ன அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது நான் பிளஸ் ஒன். பள்ளிக்காக இருநூறு மீட்டர் ஓடுகிறவள். உலகத்திலேயே வேகமான மனிதர்கள் பிறக்கிற தீவிலிருந்து ஒருவர் சிங்காநல்லூருக்கு வந்து, அதுவும் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கப்போகிறார் என்றால் சும்மாவா?

அவர் வாழைப் பயிரைப் பற்றி மேல்படிப்புப் படிக்கக் கோவைக்கு வந்தவர். பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். நான் மாடிக்கு ஓடிப்போய், தெரிந்த ஆங்கிலத்தில், நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடுவீர்கள் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளியில் ஓடிய எல்லாப் பந்தயத்திலும் அவர்தான் கடைசியாம். என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, "ஓடத்தான் வராது. பார்க்க நன்றாக வரும்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும் அவருக்கு. அக்கா உக்கடம் மார்க்கெட்டில் பெருவள்ளிக் கிழங்கைப் பார்த்து, எங்கள் ஊர்க் கிழங்கு என்று குதித்து, ஒரு மூட்டையே வாங்கி வந்தார். அப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. அந்த ஊர்க்காரர்களின் கால் பலம் கிழங்கில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்த வாரம் முழுக்க எனக்குக் காலையும் மாலையும் வேகவைத்த கிழங்குதான். நான் அழாத குறையாக அக்காவிடம் போய் முறையிட்டேன். அவர் கீழே இறங்கி வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

அவர் ஊரிலும் கிழங்கு, மலை, மரபு என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்களாம். அதெல்லாம் அவருக்குத் தெரியாதாம். அவர் கண்ணால் கண்டது வேறு. பாலர் பள்ளியிலேயே ஓட்டப்பந்தயம் உண்டு. அந்த நாளில் தாய், தகப்பன், பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பெரிய பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தலைநகரில் போட்டி. ஓடுவது பள்ளிப் பிள்ளைகள்தான், ஆனால் ஸ்டேடியத்தில் உட்கார இடம் கிடைக்காது. என்றோ படித்து முடித்த கிழவர்கள்கூடப் பழைய பள்ளியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு மேளத்தோடு வருவார்கள். எந்தப் பள்ளியில் எந்தப் பெண் வேகமானவள் என்று பஸ்ஸில் சண்டையே நடக்கும். ஓடுவதற்குக் காசு வேண்டாம், மட்டை வேண்டாம், வலை வேண்டாம். ஜெயித்தால் ஊரே தூக்கிக் கொண்டாடும். பிறகு எந்தப் பிள்ளைதான் ஓடிப்பார்க்க ஆசைப்படாது?

இதைச் சொல்லிவிட்டு அக்கா ஒரு கேள்வி கேட்டார். இவள் ஓடும்போது உங்கள் பக்கம் யார் யார் வருவார்கள்?

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார். எங்கள் பக்கம் யாரும் வருகிற வழக்கமே இல்லை. பி.டி. டீச்சர் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார், ஓடுவோம், சான்றிதழோடு வருவோம். அம்மாவுக்கு நான் ஓடுவதே அரைமனது.

"அடுத்த வருசம் பிளஸ் டூங்க. வெயில்ல ஓடி ஓடிக் கறுத்து வேற போறா," என்றார் அம்மா.

சொன்ன பிறகுதான் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு உறைத்தது. நான் மொழிபெயர்க்காமல் விழித்தேன். அந்தச் சொல்லை அக்கா ஏற்கெனவே கற்று வைத்திருந்தார். தன் கையை நீட்டிக் காட்டி, "கறுப்பு நல்லா ஓடுமுங்க," என்றார் தமிழில். அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. அன்று இரவு மாடிக்கு ஒரு பாத்திரம் நிறைய அரிசிம்பருப்புச் சோறு போனது. நான் ஓடவிருந்த மண்டலப் போட்டிக்குத் தானும் வருகிறேன் என்று அம்மா கொடுத்த வாக்கும் அதோடு கூடவே போனது.

போட்டியன்று காலையில் நான் பள்ளி வேனில் போய்விட்டேன். வார்ம் அப் செய்துகொண்டிருந்தபோது ஸ்டேடியம் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து அப்பா குதித்தார். பட்டறை ஆட்கள் குதித்தார்கள். அம்மாவையும், மாடி அக்காவையும், தையல் கடை அத்தையையும், எதிர்வீட்டுக் குடும்பத்தையும் கைகொடுத்து இறக்கினார்கள். எல்லோர் கையிலும் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். எனக்கு வந்தது கூச்சமா சந்தோஷமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

துப்பாக்கி வெடித்தது. நான் கிளம்பியது மோசம். வளைவில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருந்தேன். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்ததும் அந்தச் சத்தம் வந்து மோதியது. தட்டுகளின் சத்தம், அதற்கு நடுவில் என் பெயர். ஓடும்போது அதுவரை என் மூச்சைத் தவிர எதையும் நான் கேட்டதில்லை. அப்பா, "உடாத அம்மணி, உடாத," என்று கத்துவது கேட்டது. மரியாதைத் தமிழ் மட்டுமே படித்திருந்த அக்கா, "ஓடுங்க, ஓடுங்க," என்று கத்துவதும் கேட்டது. கால் எனக்குச் சொந்தமில்லாதது போல ஆகிவிட்டது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. நெஞ்சு அளவு வித்தியாசத்தில் அவள் முதல், நான் இரண்டாவது.

அம்மா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கத்திக் கத்திக் குரலே போயிருந்தது. "நீ இப்படியா கண்ணு ஓடுவ," என்று காற்றாகக் கேட்டார்.

ஜெயித்தவள் கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். அவளும் அவளுடைய டீச்சரும் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நேரே அவர்களிடம் போனார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு ஆரும் வல்லீங்களா?"

"அவிய அப்பா அம்மா தோட்டங்காட்டு வேலைக்குப் போயிட்டாங்க. நான் மட்டுந்தானுங்க," என்றார் அந்த டீச்சர்.

"அடுத்த ஓட்டம் எப்பங்க?"

மத்தியானம் அவளுக்கு நானூறு மீட்டர் இருக்கிறது என்றார் டீச்சர். அப்பா அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து எங்கள் ஆட்களிடம் சொல்லிக்கொடுத்தார். தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு எங்கள் வீதி முழுக்க அந்தப் பெண்ணுக்காகத் தட்டு அடித்தது. நிழலில் படுத்துக் கிடந்த மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எழுந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவள் கடைசி வளைவில் எங்கள் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

படிப்பு முடிந்து அக்கா திரும்பிப் போனார். அப்பா சும்மா இருக்கவில்லை. தலைமையாசிரியையிடம் போய், வேலை நாளில் காலையில் விளையாட்டு விழா வைத்தால் பட்டறை ஆளும் மில் ஆளும் எப்படி வருவது என்று பணிவாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைக்கச் சம்மதித்தார்கள். விழாவன்று எங்கள் பள்ளி மைதானத்தில் நிற்க இடமில்லை. சுண்டல் வண்டி, பஞ்சுமிட்டாய், யாரோ கொண்டுவந்த பறை, சுவரில் ஏறி உட்கார்ந்த கூட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடியதற்கே அப்படி ஒரு விசில்.

கடைசியாக அம்மாக்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் அம்மா கோட்டில் போய் நின்றதை நான் நம்பவில்லை. தட்டு என் கையில் இருந்தது. குரல் போகிற வரை கத்தினேன். மூன்றாவதாக வந்தார். இரண்டாவது தான்தான் என்று மூச்சு வாங்கிக்கொண்டே பி.டி. டீச்சரிடம் போய் நின்றார்.

"நல்லாப் பாருங்க டீச்சர், நாந்தானுங்க முன்னால," என்று வாதாடிக்கொண்டிருந்தார். ஓட்டத்தை வீடியோ எடுத்தவர்கள் எல்லோரும், யார் முந்தியது என்று காட்டப் போனை நீட்டிக்கொண்டு டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள்.