ஆறாவது பாட்டில்

எது காலியாக இருந்தாலும் சவுரிமுத்து அண்ணனுக்குப் பொறுக்காது. பீர்க்கன்கரணையிலிருந்து தாம்பரத்துக்குச் சைக்கிளில் வருவார். வழியில் யாரையாவது கேரியரில் ஏற்றிக்கொள்ளாமல் வந்ததில்லை. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் தற்காலிக ஊழியர். நான் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

1986-ல் சரோஜினி என்ற ஆராய்ச்சி மாணவி, முட்டுக்காட்டு உப்பங்கழியின் மட்டிகள், அதாவது ஓட்டுக்குள் வாழும் சிப்பிகள், எப்படி மூச்சு விடுகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். கடல்நீர் நிரப்பிய ஆறு பாட்டில்கள். ஐந்தில் சிறிதும் பெரிதுமாகப் பாட்டிலுக்கு ஒரு மட்டி. ஆறாவதில் தண்ணீர் மட்டும். இரண்டு மணி நேரம் மூடிவைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார். தண்ணீரிலுள்ள கிருமிகளும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் அல்லவா, அதைக் கழிக்கத்தான் ஆறாவது. இதை அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. மட்டியைப் போடுவதும் பிறகு தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுப்பதும் அவர் வேலை. மேடம் மறந்துவிட்டார் என்று நினைத்து, மிஞ்சிய சிறு மட்டி ஒன்றை ஆறாவதிலும் தினமும் போட்டுவந்தார். நல்ல மனசு, என்ன செய்ய.

கழித்துப் பார்த்தால் சின்ன மட்டிகள் மூச்சே விடவில்லை என்று கணக்கு வந்தது. ஆக்சிஜனை முன்கூட்டியே குறைத்த தண்ணீரில் செய்து பார்த்தாலும் அதே கதை. தண்ணீர்தான் கெட்டது என்று கோவளத்திலிருந்து வேறு கொண்டுவரச் சொன்னார்கள். பஸ்ஸில் கேன் சுமந்தவரும் அண்ணன்தான். இரண்டு மாதம் வீணானது. சரோஜினியின் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. வந்த கணக்கையே எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார் துறைத் தலைவரான பேராசிரியர்.

"ஒண்ணுமே போடாத பாட்டில்ல எப்படிண்ணா இவ்ளோ குறையும்?" என்று சரோஜினி அழுதபோதுதான் அண்ணனுக்கு உறைத்தது. நேராக என்னிடம் வந்து சொன்னார்.

அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த வாரம்தான் பேராசிரியர் மேசைக்குப் போயிருந்தது. டைப் அடித்தவன் நான். "வாயைத் திறக்காதீங்க, யாருக்கும் தெரியாது" என்றேன். அவர் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொல்லிவிட்டார். பேராசிரியர் ஃபைலை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

சரோஜினி ஐந்தே வாரத்தில் எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் கூட இருந்தார். எடைக்கு எடை பார்த்தால் சின்ன மட்டிகள்தான் அதிகம் மூச்சு விட்டன. பட்டம் கிடைத்தது. அண்ணனுக்கு நிரந்தரம் கிடைக்க இன்னும் ஐந்து வருடம் ஆனது.

எனக்கு அவர்மேல் கோபம் தீரவே இல்லை. ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

"இன்னாத்துக்குண்ணா சொன்னீங்க?"

"அதுங்க மூச்சு வுட்டுகினுதான கீது தம்பி. வுடலன்னு எழுதிடுவாங்களே."