ஏழாம் ரூட்டின் கதவுகள்

ஏழாம் ரூட்டில் இருநூற்று நாற்பது கதவுகள். அத்தனையும் ரூட்டண்ணனுக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஆளுக்கு இவ்வளவு ஞாபகமா என்று சந்தேகப்படுகிறவர்கள், பட்டம் வாங்கியவர்களைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். எந்த வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாது, எந்த நாய் குரைக்காமலே கவ்வும், எந்த லிஃப்ட் மூன்றாம் மாடியில் முரண்டு பிடிக்கும், எந்த அம்மாள் புருஷன் கண்ணில் படாமல் பார்சலை மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைக்கச் சொல்வாள், எல்லாம் விரல் நுனியில். லாரியில் மூட்டை இறக்கும் கூலியாகப் பார்சல் கம்பெனி டிப்போவுக்குள் நுழைந்தவர். யார் தயவும் இல்லாமல் வண்டி ஓட்டக் கற்று, தனக்கென்று ஒரு ரூட் வாங்கினார். பதினாறு வருடத்தில் ஒரு பார்சலைக்கூட ‘ஆள் இல்லை’ என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அப்படி மார்தட்டிக்கொள்ள அந்த டிப்போவில் வேறொருவருக்கும் வாய் கிடையாது. அதனால்தான் அவருடைய சொந்தப் பெயரே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

நோய் பரவி ஊர் அடைபட்ட முதல் மாதங்களில் அவர் ராஜா. தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. அவர் வண்டி மட்டும் போகும். மாடி ஜன்னல்களிலிருந்து கையசைத்தார்கள். “பத்திரமா போங்கண்ணே” என்றார்கள். ஒரு வீட்டில் குழந்தைகள் அவர் வண்டியை வரைந்து கதவில் ஒட்டியிருந்தார்கள். சக்கரம் மூன்றுதான் இருந்தது, ஆனாலும் அவர் வண்டி.

பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனவர்கள் எதையும் வாங்குவதை நிறுத்தினார்கள். கூரை முட்டக் குவிந்த பார்சல் இடுப்பளவுக்கு வந்தது, பிறகு முழங்காலளவு. ஆட்குறைப்பு என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. காலையில், டெலிவரி விவரம் காட்டும் கைமெஷினில் அவரவர் நம்பரைத் தட்டினால் ஒரு வட்டம் சுற்றும். பச்சையானால் வேலை உண்டு. சிலருக்கு அது சுற்றிக்கொண்டே இருந்தது. கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மெஷினை மேசைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போவார்கள். அவர்களுடைய வண்டிச் சாவி மட்டும் சுவரில் தொங்கும். ஆறாவது மாதத்தில் அப்படிப் பதினொரு சாவிகள் தொங்கின. மின்விசிறிக் காற்றில் அவை ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் தள்ளித்தள்ளி நிற்கவைத்தார்.

“மெஷின்ல ஒவ்வொரு அட்ரஸுக்குக் கீழயும் புதுசா ஒரு கட்டம் வந்திருக்கு. அந்த வீட்டுல எப்படி டெலிவரி கொடுக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சத எழுதணும்.”

“எதுக்கு சார்?” என்றான் பொறுமை. வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டுவதால் கிடைத்த பெயர் அது. ரூட்டண்ணனிடம் வேலை பழகி, ஒன்பது வருடமாகப் பன்னிரண்டாம் ரூட்டில் இருப்பவன்.

“சர்வீஸ் நல்லா இருக்கணும்ல?”

“இப்ப மட்டும் என்ன, சளி புடிச்சா கெடக்கு?”

முகக்கவசங்களுக்குள் சிரிப்பு எழுந்து அடங்கியது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் ‘கேட்’, ‘மாடி’, ‘நாய்’ என்று ஆளுக்கொரு வார்த்தை தட்டிவிட்டு நழுவினார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் பொறுமை ரூட்டண்ணனை ஓரம்கட்டினான்.

“அண்ணே, தெரிஞ்சதையெல்லாம் கொட்டிடாதீங்க. இது எனக்கு நல்லதாப் படல.”

“உனக்கு எழுத விஷயம் இல்ல, அதச் சொல்லு. நாம யாருன்னு கம்பெனி தெரிஞ்சுக்கட்டும்டா. இவ்வளவு தெரிஞ்சவன எவனாவது வெளிய அனுப்புவானா?”

நியாயமான பேச்சுதான். யார் கேட்டாலும் அப்போது தலையாட்டியிருப்பார்கள்.

அவருக்கு எழுத்து கொஞ்சம் தகராறு. மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். துணிக்கடை மூடியதிலிருந்து அவள் வீட்டில்தான் இருந்தாள். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவர் சொல்லச்சொல்ல அவள் தட்டினாள்.

“நீல கேட்டுக்குப் பின்பக்கம் சின்னக் கதவு, கொக்கி உள்பக்கம், இடது கையை விட்டாத் திறக்கும். எழுதினியா? அடுத்தது, மூணாவது மாடிப் பெரியவர். மணி அடிச்சாக் கேட்காது. தபால் பெட்டி மூடிய ரெண்டு தடவ தட்டணும். அந்த அதிர்வு அவருக்குக் காலுக்குத் தெரியும்.”

“நம்ம வீட்டு பீரோ சாவி எங்கன்னு பதினெட்டு வருஷமாத் தெரியாது. ஊரான் வீட்டுக் கொக்கி தெரியுது” என்றாள் அவள். பிறகு விரலை நிறுத்தினாள். “ஏங்க, இதெல்லாம் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”

“வேற எவனுக்குத் தெரியும்?”

“அப்ப எதுக்குங்க எழுதணும்?”

அவருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. “பதினாறு வருஷம் வெயில்ல படிச்ச படிப்புடி இது. எழுது!”

அவள் எழுதினாள். நாலு நாள் ஆயிற்று. இருநூற்று நாற்பது கதவு. ஒரு புள்ளி விடுபடவில்லை. மேலிடத்தில் அவர் ரூட்டைத்தான் எல்லோருக்கும் மாதிரியாகக் காட்டுகிறார்களாம் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, அவர் டிப்போவுக்குள் அரையடி உயர்ந்தவர்போல நடந்தார்.

மூன்றாவது வாரம் அவருடைய ரூட்டைப் பாதியாக வெட்டினார்கள்.

பார்சல் குறைவு, தற்காலிகம் என்றார்கள். மறுபாதி யாருக்கு என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நீல கேட் வீட்டைத் தாண்டிப் போகும்போது பின்பக்கச் சின்னக் கதவு வழியாக ஒரு ஆள் வெளியே வந்தான். சீருடை இல்லை, சொந்த பைக், முதுகில் பை. ரூட்டண்ணன் வண்டியை நிறுத்தினார்.

“யாருப்பா நீ?”

“புதுசு சார். டூரிஸ்ட் பஸ் ஓட்டிட்டிருந்தேன். பஸ் படுத்துடுச்சு. இங்க பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி தர்றாங்க. மாசச் சம்பளமெல்லாம் இல்ல.”

“இந்தக் கதவு உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் மெஷினைக் காட்டினான். “யாரோ புண்ணியவான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காரு சார். கண்ணக் கட்டி விட்டாக்கூடப் போயிடலாம்.” அடுத்த வீட்டு விவரத்தைச் சத்தமாகப் படித்தான். “தபால் பெட்டி மூடிய ரெண்டு தடவ தட்டணும். அந்த அதிர்வு அவருக்குக் காலுக்குத் தெரியும். பாருங்க, எப்படிப்பட்ட மனுஷன்!”

தன்னுடைய வார்த்தைகள் அந்நியன் வாயில் வருவதை ரூட்டண்ணன் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் பெருமையை விழுங்கினார். வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை நம்பரைத் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் சாவிகள் கிணுகிணுத்தன. பொறுமை குனிந்து செருப்பைச் சரிசெய்தான், சரியாக இருந்த செருப்பை.

சூப்பர்வைசர் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “பயப்படாதீங்கண்ணே. உங்கள விட முடியுமா? மத்தவங்க ரூட்டெல்லாம் குப்பையா எழுதியிருக்காங்க. கேட்டாம், மாடியாம்! அத வச்சுப் புது ஆளு ஒரு வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. இனி உங்க வேலை வண்டி ஓட்டுறது இல்ல. ஒவ்வொரு ரூட்லயும் கூடப் போயி எழுதுங்க. எழுதற வரைக்கும் சம்பளம் பழையபடி.”

“எழுதி முடிச்சப்புறம்?”

“அத அப்பப் பாத்துக்கலாம்.” சூப்பர்வைசர் கணினித் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “பன்னிரண்டாம் ரூட்லேருந்து ஆரம்பிங்க.” பொறுமையின் ரூட்.

வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். “போகாமலும் இருக்க முடியாது” என்று சொல்லி, அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ரூட்டண்ணன் மனதுக்குள் முடிவு கட்டினார். போவோம். உட்காருவோம். கேட், மாடி, நாய். அதற்குமேல் ஒரு எழுத்து தட்டினால் தன் கை தன் கையில்லை. பொறுமை பிழைக்கட்டும், தானும் நாலு மாதம் ஓட்டிவிடலாம்.

திங்கட்கிழமை பொறுமையின் வண்டியில் ஏறினார். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“ஏறுங்கண்ணே. அவசரமில்ல. எனக்கு எப்பவும் அவசரமில்ல, உங்களுக்கே தெரியும்.”

“நான் ஒண்ணும் எழுதப்போறதில்லடா.”

“சரிண்ணே.”

முதல் வீடு ஒரு அச்சகத்துக்கு மேல்மாடி. பொறுமை மணியை அடித்தான், காத்திருந்தான், போன் போட்டான், மறுபடி காத்திருந்தான். ஆளைக் காணவில்லை. ஒன்பது வருடமாக அங்கே அப்படித்தானாம். பத்து நிமிடமாவது நிற்கவைப்பார்களாம். ரூட்டண்ணனுக்குக் கால் பரபரத்தது. கண் தானாகவே படிக்கட்டு, ஜன்னல், சுவர் என்று மேய்ந்தது. சுவரோரம் மேலேயிருந்து ஒரு கம்பி இறங்கி, குழாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. போய்ப் பிடித்து இழுத்தார். மேலே எங்கோ ஒரு மணி கணீரென்று ஒலித்தது. கதவு உடனே திறந்தது.

“பாத்தியா? அச்சு மெஷின் சத்தத்துல கீழ் மணி கேட்காதுன்னு பழைய ஆளுங்க கட்டி வச்சிருக்காங்க. ஒன்பது வருஷமா என்னடா பண்ணினே?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தப்பும் தவறுமாகத் தட்டினார். குழாய்க்குப் பின்னால் கம்பி, ஒரு இழுப்பு. மெஷின் ‘டிங்’ என்றது. விவரம் மேலிடத்துக்குப் போய்விட்டது.

பொறுமை அவர் கையைப் பார்த்தான். அவரும் தன் கையைப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் வண்டி போயிற்று. வழக்கத்தைவிடவும் மெதுவாக.

“அண்ணே” என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடியே. “அடுத்த வீட்ல இறங்காதீங்க. வண்டியிலயே இருங்க.”

“சரிடா” என்றார் அவர். வண்டி நின்றது. ஒரு உயரமான சுற்றுச்சுவர், அதில் பக்கத்துப்பக்கத்தில் மூன்று கதவுகள். எது எந்த வீட்டுக்குப் போகிறது என்று எண் எதுவும் இல்லை. பொறுமை இறங்குவதற்குள் ரூட்டண்ணனின் கை வண்டியின் கதவுப்பிடியில் இருந்தது.