முகமூடியைக் கழற்றிய அண்ணன்

பாயான் பாரு தொழிற்சாலையில் அக்கா வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், அவர்கள் நடத்திய ஊழியர் குடும்ப நாளுக்கு எங்களையும் அழைத்துப் போனாள். எனக்கு அப்போது பத்து வயது. பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டத்தை வலைபோட்டு அடைத்து, சாய உருண்டைகளால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் திடலாக்கியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ காலையில் மாதா கோயில் பூசையில்கூட மனம் நிற்கவில்லை. அப்பாவின் கையில் துப்பாக்கி கொடுக்கப்போகிறார்களே!

அதற்கு முந்தைய வாரம், அக்காவுடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னார். அவர் முருகன் கோயிலுக்குப் போகிறவர். நாங்கள் மாதா கோயிலுக்கு. அப்பா எழுந்தார். வெளியே போய், காலையில் கழுவிய காரையே மறுபடி கழுவினார். அந்த அண்ணன் கிளம்பும்வரை கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம், "அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், தொலைஞ்சான்" என்றது என் காதில் விழுந்தது. அப்படிச் சொன்னவர் குடும்ப நாளுக்கு முதல் ஆளாகக் காரில் ஏறியதே எனக்குச் சரியாகப் படவில்லை.

பயிற்சி கொடுத்த இளைஞர், "இதைத் துப்பாக்கின்னு சொல்லாதீங்க, மார்க்கர்" என்று ஆரம்பித்தார். பின்னால் காற்றுப் புட்டி, மேலே சாய உருண்டைகள் போடும் குடுவை, குழாய் முனையில் துணி உறை. உறையைக் கழற்றி, பூட்டைத் தள்ளிவிட்டு, விசையை அழுத்தினால் உருண்டை பறக்கும். ஒரு காலி மைலோ டின்னைச் சுட்டுக் காட்டினார். டின் நசுங்கி உருண்டது.

"உடம்புல பட்டா வீங்கும், அவ்வளவுதான் லா. கண்ணுல பட்டா கண்ணு போச்சு. உள்ள இருக்கிறவரைக்கும் முகமூடியைக் கழட்டவே கூடாது. யாராச்சும் கழட்டினா, பார்க்கிறவங்க உடனே சுடுறதை நிறுத்திட்டுக் கத்தணும்."

அப்பா பள்ளிப் பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டார். பழகுவதற்கு வைத்திருந்த பலகையில் ஒன்றுகூடக் குறி தப்பாமல் அடித்தார்.

நானும் அப்பாவும் மஞ்சள் அணி. அக்காவும் அந்த அண்ணனும் நீல அணி. விசில் ஊதியதும் அப்பா என்னை எண்ணெய்ப் பீப்பாய்போன்ற ஓர் இரும்புத் தோம்புக்குப் பின்னால் உட்காரவைத்து, தானும் குந்தினார். தலைக்கு மேல் உருண்டைகள் சீறின. தோம்பில் பட்டவை சாட்டை அடிபோல் வெடித்தன. அப்பா வேறு யாரையும் சுடவில்லை. ஒரே ஒரு டயர்க் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னால்தான் அந்த அண்ணன் பதுங்கியிருந்தார்.

மழை பெய்து ஓய்ந்த புழுக்கம். அவருடைய முகமூடிக்குள் ஆவி படிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தவர், முகமூடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். முகம் முழுதும் தெரிந்தது. அப்பாவின் மார்க்கர் நேராக அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தது. விரல் விசைமேல்.

"அப்பா, வேணாம்ப்பா!" என்று கத்தினேன். என் குரல் முகமூடிக்குள்ளேயே அடங்கிப்போனது. அப்பா அசையவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அப்பா சுடும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மார்க்கர் என் காலருகே கிடந்தது. அப்பா இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தார். "சுடாதீங்க! நிறுத்துங்க! டேய், மூஞ்சில போடுறா அதை!" அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நீல அணிக்காரர்கள் அவரையே குறிவைத்தார்கள். தொடையிலும் தோளிலும் அடி விழுந்தது. அவர் நிற்கவில்லை. அந்த அண்ணன்மேல் போய்க் கவிழ்ந்து, முதுகைக் காட்டியபடி அவர் முகத்தைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டார். முதுகிலும் விழுந்தது.

விசில் ஊதி ஆட்டம் நின்றது. நான் ஓடினேன். அப்பா அந்த அண்ணனுக்கு முகமூடியை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். "அறிவிருக்காடா உனக்கு? கண்ணு போயிருந்தா அப்புறம் என் பொண்ணு என்னடா பண்ணுவா?" என்று திட்டினார்.

அந்த அண்ணனின் கண் போனால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பத்து வயதுவரை எங்கள் வீட்டில் அப்பா 'என் பொண்ணு' என்று சொன்னால் அது நான்தான்.

ஆட்டம் நீல அணிக்கே போனது. வலைக்கு வெளியே அம்மா அப்பாவின் முதுகில் தைலம் தேய்த்தார். அந்த அண்ணன் தைலப் புட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். போ என்று அப்பா சொல்லவில்லை. சற்றுத் தள்ளி அக்கா கன்னமெல்லாம் ஈரமாக நின்றிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "அழாதக்கா, உங்க பக்கம்தானே ஜெயிச்சீங்க" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். ஜெயித்தவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை.